நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

சட்டென்று பதில் வருகிறதா? அல்லது "நேத்து என்னத்தைச் சமைச்சோம்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறீர்களா? இந்த ஒரே கேள்வியை நான் இரண்டு வாரமாகப் பண்டமாரான் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். மீன் கடையில் கேட்டேன், கோவில் வாசலில் கேட்டேன், பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தாய்மார்களிடம் கேட்டேன். "ஏன், டீச்சர் வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று ஒரு பெரியவர் கேலி செய்தார். எரிகிறது ஐயா, ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கட்டுரை நோட்டு.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் பெயரில் இன்னும் 'தோட்டம்' இருக்கிறது. தோட்டம்தான் இல்லை. செம்பனை நின்ற இடத்தில் வரிசை வீடுகளும் சரக்குக் கிடங்குகளும் வந்துவிட்டன. இந்த நாட்டில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளின் கதை இதுதான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'நேற்றிரவு எங்கள் வீட்டு உணவு' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். பாதிப் பேர் மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் படித்ததை அப்படியே இறக்கி வைத்தார்கள். குடும்பத்தோடு அமர்ந்தார்களாம், சத்துள்ள காய்கறிகளை உண்டு மகிழ்ந்தார்களாம். எனக்குத் தெரியாதா? சில பிள்ளைகள் உள்ளதை எழுதினார்கள். மெகி மீ. ரோட்டி சானாய், கடையில் கட்டி வாங்கியது. ஒரு பையன் 'பிஸ்கட்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தான்.

ஒரு பெண் பிள்ளை மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

"அம்மாவுக்கு நைட் ஷிப்ட். நான் சாடின் சமைத்தேன். சட்டியில் எண்ணெய் ஊற்றி மிளகாய்த்தூள் போட்டேன். டின்னில் இருந்ததை எல்லாம் கொட்டிக் கிண்டினேன். மீன் கூழாகிப் போனது. குழம்பு கசந்தது. தம்பி சாப்பிடவில்லை. தாத்தா நன்றாக இருக்கிறது என்றார். தாத்தா எப்போதும் அப்படித்தான் சொல்வார்."

சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒற்றுப் பிழை இரண்டைத் திருத்தினேன். ஆனால் குழம்பு கசந்ததே, அதை யார் திருத்துவது?

குழாயடிப் பாடம்

எனக்குப் பன்னிரண்டு வயதில் சமையல் சொல்லிக் கொடுத்தது என் தாயார் மட்டும் அல்ல. லயத்துக் குழாயடி சொல்லிக் கொடுத்தது. நாற்பதைத் தாண்டிய வாசகிகளுக்கு நினைவிருக்கும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள், மாலையில் வாளியும் குடமுமாக வரிசை பிடிப்பார்கள். தண்ணீர் நூலாக ஒழுகும். ஒரு குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்துவிடும். "குழாயடிச் சண்டை" என்று சொல்லிச் சொல்லியே அந்த இடத்தைக் கேலிப்பொருளாக்கி விட்டோம். சண்டையும் நடந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்தவுடன் முதல் கேள்வி என்னவாக இருக்கும்?

"ஏண்டி, நேத்து என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புக்கா. ஒரே உப்பு. வாயில வைக்க முடியல."

"வெந்நீர்ல ரெண்டு தடவ அலசுனியா? கொழம்பு கொதிச்சு முடியறதுக்கு முன்னால உப்பு போட்டியா? போட்டா அப்படித்தான். கருவாட்டு உப்பு எறங்குன பொறவு நாக்குல வச்சுப் பாத்துட்டுப் போடணும்."

அவ்வளவுதான் பாடம். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை. நான் இரண்டு வருடம் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறை படித்தேன். செய்த தவற்றைச் சொல்ல வைத்து, அந்தத் தவற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் இந்த முறையை அங்கே இவ்வளவு அழகாக யாரும் எனக்குக் காட்டவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. நல்லதுதான், குடம் சுமந்த இடுப்புக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் கூடவே வீட்டுக்கு வீடு இரும்புக் கதவும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை மட்டும் சுவர் ஏறி வருகிறது. என்ன குழம்பு என்று கேட்க ஆள் இல்லை.

2020-ஆம் ஆண்டு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அந்த நேரத்தில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா என்ற தம்பதியர், தோட்ட வேலை செய்து பிழைத்தவர்கள், தங்கள் வீட்டுச் சமையலைக் கைப்பேசியில் படம் பிடித்து யூடியூப்பில் போட்டார்கள். பேசியது மலாயில். சமைத்தது நாமெல்லாம் சமைப்பதைத்தான். சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அன்றைய பிரதமரே தொலைக்காட்சி உரையில் அவர் பெயரைச் சொன்னார். 'இதில் என்ன அதிசயம், என் மனைவி தினம் செய்வதுதானே' என்று கேட்ட ஆண்களும் உண்டு. அதிசயம் கறியில் இல்லை. ஒரு பெண் சட்டிக்கு முன்னால் நின்று, "நான் இப்படிச் செய்கிறேன், பாருங்கள்" என்று வெட்கப்படாமல் சொன்னாளே, அதில்தான் இருந்தது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் ஒரே குழாயடியில் வந்து நின்ற மாதிரி எனக்குப் பட்டது.

ஆனால் என் மாணவியிடம் கைப்பேசி இல்லை. அம்மா வேலைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆகவே பழைய முறைப்படி நானே கேட்கக் கிளம்பினேன்.

ஓட்டை போட்ட டின்

முதலில் போனது எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பாட்டியிடம். எண்பது வயதைத் தாண்டியவர். "நேத்து ராத்திரி என்ன பாட்டி?" என்றேன். "சாடின்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேடிப் போன மூலிகை காலில் சிக்கியது என்பார்களே!

பாட்டி கதை சொல்லாமல் சமையல் சொல்ல மாட்டார். சின்ன வயதில் அவர் இருந்த தோட்டத்தில், கடையில் சாடின் வாங்கினால் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பாராம். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் உணவுக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. கட்டுப்பாடு இருந்த இடங்களில் டின் உணவை விற்கும்போதே துளையிட வேண்டும். துளை விழுந்த டின்னைப் பதுக்கி வைக்க முடியாதல்லவா? நம் பண்டமாரானிலும் அந்தக் காலத்தின் அடையாளம் இருக்கிறது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமங்களில் இதுவும் ஒன்று.

"அதனால வாங்குன அன்னிக்கே சமைச்சாகணும்மா. வீட்டுல பத்துப் பேரு, டின்னு ஒண்ணு. பத்துப் பேருக்கும் மீன் இருக்குன்னு காட்டணும், எப்படிக் காட்டுவ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

கவனமாகக் கேளுங்கள். டின் மீன் ஏற்கெனவே வெந்த மீன். மூடிய டின்னுக்குள் கடுஞ்சூட்டில் அழுத்தி வேக வைப்பதால்தான் அதன் முள்கூட நம் பல்லுக்குப் பஞ்சாக இருக்கிறது. அந்த முள்ளில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, எடுத்து எறியாதீர்கள். வெந்த மீனை மறுபடியும் வேக வைத்துக் கரண்டியால் கிண்டினால் கூழாகாமல் என்ன ஆகும்? ஆகவே குழம்பு முதலில், மீன் கடைசியில்.

பெரிய வெங்காயம் இரண்டை மெலிதாக அரிந்து, பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு பொன்னிறமாக வதக்குகிறார் பாட்டி. இரண்டு கரண்டி மீன் கறித்தூளை அப்படியே எண்ணெயில் கொட்டுவதில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்கிறார். என் மாணவியின் குழம்பு கசந்த மர்மம் இங்கேதான் அவிழ்ந்தது. காய்ந்த தூள் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். கருகிய தூளின் கசப்பைச் சீனியும் போக்காது, புளியும் போக்காது. குழைத்துப் போட்டால் ஈரம் வற்றும் வரை நமக்கு நேரம் கிடைக்கிறது. எண்ணெய் ஓரத்தில் கசிந்து வந்த பிறகு, முன்பே அரை வேக்காடு வேகவைத்த உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் சட்டிக்குள் போகின்றன. பிறகு புளித்தண்ணீர், அதன் பின் டின்னில் இருக்கும் தக்காளிச் சாறு மட்டும். காலி டின்னில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி அதையும் ஊற்றுகிறார். ஒரு சொட்டு வீணாகக் கூடாது! நன்றாகக் கொதித்த பின் மீன் துண்டுகளை மெல்ல இறக்கி, கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டு ஆட்டுகிறார். ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்தாயிற்று.

பத்துப் பேருக்குக் காட்டும் வித்தை? கிழங்குதான். மீன் சாறு ஊறிய கிழங்கைப் பிசைந்து ஊட்டினால் சின்னப் பிள்ளை அதையே மீன் என்று நம்பிவிடுமாம். "நானும் அப்படி நம்புனவதான்" என்றார் பாட்டி.

டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சேவல் படம். அயாம் என்றால் மலாயில் கோழி. உள்ளே இருப்பது மீன். 1892-இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வணிகத்தின் சின்னம் அது. அந்தச் சேவல் படத்தைச் சொல்லித்தான் தோட்டத்துப் பிள்ளைகள் கடையில் டின் கேட்டார்கள்.

மூக்கு சொல்லும் வரை பொறு

இரண்டாவதாக நான் பிடித்தது, துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவரின் மனைவி. கணவர் எத்தனை மணிக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஆறினாலும் கெடாத, சூடு பண்ணத் தேவையில்லாத ஒன்று அந்த வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். நெத்திலிச் சம்பல்.

இது மலாய்க்காரர் வீட்டுச் சமையல் என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் கற்றதுதான், அதனால் என்ன? நம் தோட்ட வீடுகளில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டே அதை நம்முடையது ஆக்கிக்கொண்டோம். காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊற வைத்து, சின்ன வெங்காயமும் சுட்ட பிலாச்சானும் சேர்த்து அரைக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பொறுமை.

"டீச்சர், அஞ்சு நிமிஷத்துல சம்பல் செவந்துடும். செவந்ததும் எறக்கிடுவாங்க. அதான் தப்பு" என்றார். சிறுதீயில் இருபது நிமிடமாவது வதக்குகிறார். அரைத்த விழுதில் தண்ணீர் இருக்கும் வரை அது வேகுமே தவிர வதங்காது. தண்ணீர் முழுக்கப் போன பிறகுதான் எண்ணெய் பிரிந்து சட்டி ஓரத்தில் சிவப்பாக நிற்கும். மலாய்ப் பெண்கள் இதைப் 'பெச்சா மின்யாக்' என்பார்கள், எண்ணெய் உடைவது. அதுவரை வீடு முழுக்கத் தும்மல்தான். தும்மல் நிற்கிறதா, சம்பல் ஆயிற்று என்று அர்த்தம். பிறகுதான் புளிக்கரைசல், கொஞ்சம் சீனி. உப்பைக் கடைசியில் நாக்கைக் கேட்டுப் போடுகிறார், நெத்திலியே உப்பு என்பதால். பொரித்த நெத்திலியை அடுப்பை அணைத்த பிறகு கலக்கினால் இரவு பதினோரு மணிக்குக் கணவர் வந்தாலும் மொறுமொறுப்புக் குறைவதில்லை.

"அவரு சாப்பிட்டாரான்னு காலையில சட்டியத் தொறந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்" என்றார்.

என் வீட்டுக் கதை

இனி என் வீட்டுச் சங்கதி. கொஞ்சம் கசப்பானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பிரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் ஓடி, பால் வாளிகளைத் தோளில் சுமந்தவர். அவர் தட்டில் சோறு மலை மாதிரி இருக்கும், அது தேவையாகவும் இருந்தது. தோட்டம் போனது, நாங்கள் வரிசை வீட்டுக்கு வந்தோம். அவர் ஓடிய ஓட்டம் நின்றது. ஆனால் தட்டில் இருந்த மலை அப்படியே நின்றது. தோட்டத்தில் கோழிக்கறி சம்பள நாளைக்குத்தான். மற்ற நாளெல்லாம் கீரை, பருப்பு, ரசம், கருவாடு. வசதி வந்ததும் நாங்கள் என்ன செய்தோம்? சம்பள நாள் சமையலைத் தினசரிச் சமையல் ஆக்கினோம். கீரையை 'கஷ்ட காலத்துச் சாப்பாடு' என்று தள்ளி வைத்தோம். அப்பாவுக்கு இரண்டாம் தடவை சோறு போடுவதை அன்பு என்று நினைத்துப் போட்டவள் நான். இனிப்புநீர் நோயில் அவர் கால் விரல்கள் இரண்டை எடுத்தபோதுதான் விழித்துக்கொண்டேன்.

என் வீடு மட்டும் அல்ல என்பது பிறகு தெரிந்தது. 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் பந்தியில் உட்கார்ந்தால் மூன்று பேர்!

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்கிறது. நம் அஞ்சறைப் பெட்டிச் சுக்கு அல்ல. மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ இறைச்சியோ, மீதி அரைப் பங்கு காயும் பழமும். அரைத் தட்டுக் காய் என்றால் வெறுமனே அவித்து வைத்தால் யார் தின்பார்கள்? அதற்குத்தான் பழைய கைப்பக்குவம் வேண்டும்.

நேற்று இரவு எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைப் பருப்பு. பருப்பை மஞ்சள், பூண்டு போட்டு முழுக்க வேகவைத்த பிறகே கீரை. மூடி போடக் கூடாது. இரண்டு மூன்று கொதிக்குள் இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் கசக்கும். பக்கத்தில் மிளகு ரசம். ரசம் நுரை கட்டி மேலே எழும்பும்போது இறக்குவதுதான் ரசம். கொதித்துவிட்டால் அது புளித்தண்ணீர். வாரம் ஒரு முறை பூச்சோக் பாக்கு, அந்தச் சுருள் நுனிக் காட்டுக்கீரை, தேங்காய்ப்பாலில். முதல் பாலை இறக்கும் நேரத்தில்தான் ஊற்றுவேன், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

இந்தக் கீரை பற்றி ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் இருப்பவர்கள் வடிகால் ஓரத்தில் முளைத்தது என்று பறிக்கும் முன், அங்கே மருந்து அடித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை வந்துவிட்டது. அதற்கு முன் எத்தனை வருடம் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள்! ஆனால் வேறு மருந்துகள் இன்னும் இருக்கின்றன. கழுவினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

அப்பா இப்போது இரண்டாம் தடவை சோறு கேட்பதில்லை. கீரையை இரண்டாம் தடவை கேட்கிறார். கோபத்தோடுதான் கேட்கிறார், அது வேறு விஷயம்.

இதை எழுதுவதற்கு முன் அந்தப் பெண் பிள்ளையின் தாயாரைப் பார்த்து அனுமதி கேட்டேன். காலை ஏழரை மணி. தொழிற்சாலைப் பேருந்தில் இறங்கி நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எம்மவ அடுப்பாண்ட நிக்கிறதப் பத்தி எழுதப் போறீங்களா, டீச்சர்? புள்ளைய அடுப்புல விட்டுட்டுப் போறான்னு சொல்ல மாட்டாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரே சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "எனக்கு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. இவளுக்குச் சொல்லிக் குடுக்க நான் முழிச்சிருக்கிற நேரத்துல இவ ஸ்கூல்ல இருக்கா. எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க."

கடைசி வீட்டுப் பாட்டியைப் பற்றி அவரிடம் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆறே வீடுகள்தான். இதுவரை ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதில்லையாம்.

இப்போது செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பாட்டி வீட்டு இரும்புக் கதவு திறந்திருக்கிறது. பிள்ளை டின்னையும் வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு தம்பியோடு போகிறாள். முதல் நாள் நானும் போயிருந்தேன். பாட்டி எழுந்திருக்கவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "தூளக் கொழச்சியா? கரண்டியக் கீழ வை. சட்டிய ஆட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை துணியால் சட்டியின் காதைப் பிடித்து ஆட்டினாள். கொஞ்சம் குழம்பு அடுப்பில் சிந்தியது. மீன் உடையவில்லை.

போன வாரம் வகுப்பில் அவளைக் கேட்டேன், "தம்பி சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான் டீச்சர். கெழங்க மீனுன்னு நெனச்சுச் சாப்பிட்டான்."

"தாத்தா என்ன சொன்னார்?"

"உப்பு பத்தலன்னாரு."